பிடித்ததைச் செய், பசித்தால் கேட்காதே

2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியாளர் இடங்களுக்கு ஆள் எடுத்தது. ஏழாயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற வரிசையில் பொறியியல் படித்தவர்கள் இருந்தார்கள், பட்டதாரிகள் இருந்தார்கள், டிப்ளமோ முடித்தவர்கள் இருந்தார்கள். மனசுக்குப் பிடித்ததைக் கண்டுபிடி, அதையே தொழிலாக்கு, சோறு தானாக வரும் என்று நம் ஊர் மேடைகளில் பொழிகிறார்களே, அந்த உபதேசத்தை நம்புவதென்றால் இதற்கு ஒரே விளக்கம்தான் உண்டு. அத்தனை பேரும் ஒரு விடியற்காலையில் கண்ணை மூடி உட்கார்ந்து, தங்கள் உள்மனம் என்ன கேட்கிறது என்று உற்றுக் கேட்டிருக்கிறார்கள். சாக்கடை என்று பதில் வந்திருக்கிறது. உடனே கிளம்பி வந்துவிட்டார்கள்.

2022 ஜூலை 24 அன்று தமிழ்நாட்டு அரசு வேலைக்கு நடந்த குரூப் 4 தேர்வு இதைவிடப் பெரிய காதல் கதை. அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம் பேர். இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் ஆகிய பதவிகள் மீது 22 லட்சம் உள்ளங்கள் ஒரே நேரத்தில் மையல் கொண்டிருக்கின்றன. பழுப்பேறிய கோப்புகளை இவ்வளவு நேசிக்கும் இனம் பூமியில் வேறெங்கும் இருக்க முடியாது.

அந்த 22 லட்சம் பேருக்கும் என்ன வேண்டும் என்பது, கேட்கத் தேவையில்லாத அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். மாதம் பிறந்தால் சம்பளம் வர வேண்டும். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் வட்டிக்கடை வாசலில் நிற்காமல் இருக்க வேண்டும். மேலதிகாரிக்குக் கோபம் வந்தால் மறுநாள் வேலை போகாமல் இருக்க வேண்டும். பெண் கேட்டுப் போன வீட்டில் உட்காரச் சொல்லிக் காபியாவது கொடுக்க வேண்டும். இவ்வளவுதான். ஆனால் இவற்றுக்கு ஆசைப்படுகிறவனுக்கு மேடையில் வைத்திருக்கும் பெயர், துணிச்சல் இல்லாதவன்.

அந்த மேடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேச வருகிறவர் ஓர் இடத்தில் நிற்க மாட்டார், நடந்துகொண்டே இருப்பார். கன்னத்தோரம் மைக் ஒட்டியிருக்கும். எந்த வேலையைச் செய்யும்போது நேரம் போவதே தெரியவில்லையோ அதுதான் உன் தொழில் என்பார். கைதட்டல் எழும். நேரம் போவதே தெரியாத காரியங்களில் தமிழ்நாட்டில் முதலிடம் சீட்டாட்டத்துக்கு. அதைப் போனில் ஆடி, தொழிலாகவே ஆக்கிவிடலாம் என்று இறங்கியவர்களின் வீடுகளில் என்ன நடந்தது என்பதை, ஆன்லைன் ரம்மிக்குத் தடைச் சட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு இந்த மாநிலம் பார்த்துவிட்டது.

எதிரே உட்கார்ந்திருக்கும் பையன் குடும்பத்தில் முதல் பட்டதாரி. கல்விக் கடனில் படிக்கிறான். அவன் கல்லூரியில் ஆய்வகம் பூட்டியிருக்கிறது, வளாகத் தேர்வுக்கு எந்த நிறுவனமும் எட்டிப் பார்க்கவில்லை. பாடம் நடத்த ஆள் இருக்கிறாரா என்பது ஆய்வுக்கு உரியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ள கல்லூரிகளில் ஒரே ஆளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேரப் பேராசிரியர் என்று கணக்குக் காட்டியதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. அப்படி 350-க்கும் மேற்பட்டவர்கள். கற்பித்தலின் மீது இருந்த பேரார்வத்தால் ஒரே நேரத்தில் பல ஊர்களில் பிரசன்னமான சித்தர்கள்! இத்தனையும் நடக்கும் இடத்தில், படித்து முடித்த பையனுக்கு வேலை இல்லை என்றால் குற்றவாளி யார்? கல்லூரி முதலாளியா? அங்கீகாரம் கொடுத்தவரா? இல்லை. அந்தப் பையன்தான். அவன் தனக்குள் எரியும் நெருப்பைத் தேடவில்லை.

இந்த உபதேசத்தின் நிர்வாகக் கமுக்கம் இதுதான். வேலையில்லாத் திண்டாட்டம் என்றால் அரசாங்கத்தைக் கேட்க வேண்டும். குறைந்த கூலி என்றால் முதலாளியைக் கேட்க வேண்டும். 'உனக்குப் பிடித்தது எது என்று உனக்கே தெரியவில்லை' என்று சொல்லிவிட்டால் எவனையும் கேட்க வேண்டியதில்லை. வேலை கிடைக்காதவன் வீட்டுக்குப் போய்த் தன்னையே திட்டிக்கொள்வான்.

வேத வாக்காக இந்தப் பேச்சாளர்கள் எடுத்து ஓதுவது ஸ்டீவ் ஜாப்ஸ் 2005 ஜூன் 12 அன்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களிடம் ஆற்றிய உரையை. செய்கிற வேலையை நேசி, அது கிடைக்கும்வரை தேடு என்பது அதன் சாரம். ரீட் கல்லூரிப் படிப்பை விட்டது, பிடித்துப்போய் எழுத்துருக் கலை வகுப்பில் உட்கார்ந்தது, அது பின்னால் மெக்கின்டாஷ் கணினியில் பயன்பட்டது, எல்லாம் அதில் வரும். நம் ஆட்கள் அதை வரி விடாமல் சொல்வார்கள். அதே உரையில் அவர் சொன்ன வேறு இரண்டு செய்திகளை மட்டும் விழுங்கிவிடுவார்கள். உழைத்துச் சம்பாதித்த வளர்ப்புப் பெற்றோரின் சேமிப்பு முழுக்கத் தன் கல்லூரிக் கட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது என்றார். வாரத்துக்கு ஒரு வேளையாவது நல்ல சாப்பாடு சாப்பிட ஏழு மைல் நடந்து ஹரே கிருஷ்ணா கோயிலுக்குப் போனதாகவும் சொன்னார். ஆப்பிள் பிறந்ததும் அப்பா வீட்டுக் கார் கொட்டகையில்தான். கனவு காண்கிறவனுக்கும் ஒரு கூரை தேவைப்பட்டது, அதை வேறொருவர் போட்டுக் கொடுத்திருந்தார்.

ஜாப்ஸின் போன் இப்போது நம் சுங்குவார்சத்திரத்தில் தயாராகிறது. ஃபாக்ஸ்கான் ஆலையில் அதைப் பூட்டிச் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் மாவட்டம் மாவட்டமாக வண்டி ஏறி வந்த இளம்பெண்கள். 2021 டிசம்பரில் அவர்களுடைய விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். என்ன ஆயிற்று என்று சொல்ல ஆளில்லை. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் உலகத்துக்குச் செய்தி போனது. தரையில் படுக்கை, ஓர் அறைக்குள் கூட்டமாக ஆட்கள், தண்ணீர் வராத கழிப்பறை என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய், தங்கவும் சாப்பிடவும் அதிலிருந்தே பிடித்தம். சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024 ஜூனில் இன்னொரு செய்தி: திருமணமான பெண்களை அங்கே வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்றது அதே ராய்ட்டர்ஸ். நிறுவனம் மறுத்தது.

நேசிக்கிற வேலை கிடைக்கும்வரை தேடு என்று ஸ்டான்ஃபோர்டில் சொன்னவரின் நிறுவனத்துக்கு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கிளைச் சபை இல்லை போலிருக்கிறது. ஒருத்தியாவது ஷிஃப்டுக்கு நடுவில் எழுந்து, 'அய்யா, ஸ்குரூ முடுக்குவதில் என் ஆன்மா லயிக்கவில்லை, எழுத்துருக் கலை படிக்கப் போகிறேன்' என்று சொல்லட்டும், பார்ப்போம். அவள் முடுக்கிய போனில்தான் நம் வீட்டுப் பிள்ளை ஒரு நிமிட ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறான். கனவைத் துரத்து என்று அதில் ஒருவர் கத்துகிறார்.

இன்னொரு கோபமும் எனக்கு உண்டு. வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இந்த மண்ணில் வாழ்த்து அட்டையில் அச்சடித்து வந்ததல்ல. இங்கே ஆயிரம் ஆண்டுகளாக மனிதனுக்கு எது பிடிக்கும் என்பதை அவன் பிறப்பதற்கு முன்பே வேறு யாரோ முடிவு செய்துவிட்டிருந்தார்கள். சிலருக்கு ஓதுவது பிடித்தது, சிலருக்கு மலம் அள்ளுவது பிடித்தது. 1936-ல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, கூட்டியவர்களே பயந்து மாநாட்டைக் கைவிட்டதால் புத்தகமாக அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் இதைத்தான் பிடித்து உலுக்கினார். மனமும் ஒட்டாத, அறிவும் ஒட்டாத வேலையில் பிறப்பால் கட்டிப்போடப்பட்ட மக்களிடம் என்ன திறமையை எதிர்பார்க்கிறாய் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. பிடித்த வேலை என்ற பேச்சை இந்த நாட்டில் உண்மையிலேயே பேசியவர் அவர். நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை.

1953-ல் முதலமைச்சராக இருந்த ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தினமும் மூன்று மணி நேரம் பாடம், மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். நகரத்துப் பிள்ளைகளுக்கு அது இல்லை, அவர்கள் முழுநாளும் படிக்கலாம். குலக்கல்வி என்று பெயர் சூட்டி ஊர் ஊராக எதிர்த்தார்கள். பெரியார் விடவில்லை. 1954 ஏப்ரலில் ராஜாஜி போனார், காமராஜர் வந்தார், அடுத்த மாதமே திட்டம் குப்பைக்குப் போனது. அன்றைக்கு அது நிலைத்திருந்தால், இன்று கல்லூரி அரங்கில் உட்கார்ந்து கைதட்டும் பிள்ளைகளில் பலருடைய தாத்தாக்கள் அந்த மீதி நேரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டும் முடி வெட்டிக்கொண்டும் இருந்திருப்பார்கள். 2023-ல் ஒன்றிய அரசு 'குடும்பப் பாரம்பரியத் தொழில்' என்று 18 தொழில்களைப் பட்டியலிட்டு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தபோது தமிழ்நாட்டுக்கு மூக்கு வேர்த்ததற்கு இந்தப் பழைய காயம்தான் காரணம். இவ்வளவு அடிபட்டு வாங்கிய உரிமை, இன்று ஜிஎஸ்டி சேர்த்து விற்கும் மூன்று நாள் பயிற்சி முகாமாகச் சுருங்கிவிட்டது.

முதலாளிகளுக்கு இந்த உபதேசம் ஏன் இவ்வளவு இனிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிடித்த வேலைக்கு மணிக்கணக்கு கிடையாது அல்லவா? 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் கேட்டார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று ஏலத்தை ஏற்றினார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தைப் பார்ப்பாய் என்றும் கேட்டார். வேலையைக் கூலிக்குச் செய்கிறவன் ஆறு மணிக்குப் பையை மாட்டுவான். நேசித்துச் செய்கிறவனைப் பையை மாட்ட விடாமல் அவன் நேசமே பார்த்துக்கொள்ளும். ஓவர்டைம் மிச்சம்.

போகட்டும். பிடித்ததையே தொழிலாக்கிக்கொண்டவர்கள் தமிழ்நாட்டில் இல்லையா என்றால், இருக்கிறார்கள். எங்கே என்று காட்டுகிறேன். படம் வரையப் பிடித்து ஓவியம் கற்றவர்கள், பாடப் பிடித்து இசை கற்றவர்கள், விளையாட்டே உயிர் என்று உடற்கல்வி படித்தவர்கள், தையலும் தோட்டக்கலையும் கணினியும் கைவந்தவர்கள். 2012-ல் தமிழக அரசு இவர்களில் 16,549 பேரை அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு அது 7,000 ஆனது, 7,700 ஆனது, 10,000 ஆனது, 12,500 ஆனது. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஏறிய ஏணி இது. மே மாதம் பள்ளி விடுமுறை என்பதால் ஆண்டுக்கணக்கில் மே மாதத்துக்குச் சம்பளமே தரவில்லை. கலைஞனுக்கு மே மாதத்தில் பசிக்காது என்று கருவூலத்தில் யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.

2021 தேர்தல் அறிக்கையில் இவர்களை நிரந்தரமாக்குவோம் என்று திமுக எழுதியது. வாக்குறுதி எண் 181. அந்த எண்ணைத்தான் அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு இவர்கள் சென்னையில் மறுபடி மறுபடி போராடினார்கள். போலீஸ் வேனில் ஏற்றி மண்டபங்களில் அடைத்தார்கள். அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் இதே கதி. மாதம் 50,000 வரை தரலாம் என்று 2019-லேயே பல்கலைக்கழக மானியக் குழு சொல்லியும், முனைவர் பட்டம் வாங்கியவர்கள் பல ஆண்டுகள் 20,000 ரூபாயில் பாடம் நடத்தினார்கள், அதுவும் வருடத்துக்குப் பதினொரு மாதம் மட்டும்.

இவர்களை ஏன் இப்படி வைத்திருக்க முடிகிறது? வேலையை விட்டுப் போக மாட்டார்கள் என்று தெரியும், அதனால்தான். பிள்ளைகள் முகம் பார்த்து நிற்பார்கள், வரைந்த படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள், வாத்தியார் எப்படிப் போவார்? அந்தப் பாசத்தை அரசு அளந்து பார்த்து, அதற்குச் சமமான தொகையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. பிடித்த வேலையின் சந்தை விலை இது. வெறுக்கிற வேலைக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காகவாவது ஒருவேளை கூலியை ஏற்றுவார்கள், நேசிக்கிற வேலைக்கு ஏன் ஏற்ற வேண்டும்?

ஆண்டு விழாவுக்குப் பேச்சாளர் தேடிக்கொண்டிருக்கும் கல்லூரித் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த முறை அந்த நடந்துகொண்டே பேசுகிறவரை விட்டுவிடுங்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் ஓவியமோ பாட்டோ சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர் ஒருவரைக் கூப்பிடுங்கள். மனசுக்குப் பிடித்ததைத் தொழிலாக்கிக்கொண்டு வாழ்வது எப்படி என்று அவர் சொல்லட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். பேச்சாளருக்குத் தருவதாக இருந்த தொகையை ஒரு ரூபாய் குறைக்காமல் அவர் கையில் கொடுங்கள். கூட்டத்தை மே மாதத்தில் வையுங்கள்.