ஏசி தேர்வுக் குழுவுக்கு மூன்றாம் மாடிக்காரன் எழுதும் மடல்

பெறுநர்:
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் சிறப்பு அழைப்பாளரான பொருளாளரின் மைத்துனர்,
ஏசி தேர்வுக் குழு,
கட்டட உரிமையாளர் சங்கம்,
தரைத்தளம் (வடக்குப் பார்த்த அறை).

பொருள்: நூறு டன் குளிர்ச்சி வாங்குவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயன்மீர்,

மூன்றாம் மாடி மேற்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக வாடகைக்கு இருந்து ஆடிட்டர் ஆபீஸ் நடத்துகிறவன் எழுதுவது. கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. நம் கட்டடத்துக்குப் புது ஏசி போடுவதற்கான உங்கள் முடிவை நோட்டீஸ் போர்டில் பார்த்தேன். ஒட்டிய பசை வெயிலில் இளகி, காகிதம் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தைச் சாய்த்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். ஐந்து கூட்டம், மூன்று கொட்டேஷன், ஒரு நேரடி ஆய்வு. இவ்வளவு பாடுபட்டவர்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

முதலில் அந்த நேரடி ஆய்வு. பொருளாளரின் மைத்துனர் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஏசி போட்டுக் கொடுத்தவர் என்பதால், குழு முழுவதும் ஒரு முகூர்த்த நாளில் அங்கே போய் ஆராய்ந்திருக்கிறது. ‘ஜில்லென்று இருந்தது, காசி அல்வாவும் நன்றாக இருந்தது’ என்று செயலாளர் லிஃப்டில் என்னிடமே சொன்னார். ஐயா, சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷ உடம்பு நூறு வாட் பல்பு அளவுக்குச் சூடு விடும். எண்ணூறு பேர் கூடிய மண்டபத்தில் ஆட்களின் சூட்டை இறக்கவே இருபது டன்னுக்கு மேல் வேண்டும். தாலி கட்டி, பந்தி முடிந்து, மத்தியானம் மூன்று மணிக்குக் கதவைப் பூட்டினால் அடுத்த முகூர்த்தம் வரைக்கும் அந்த மெஷினுக்கு ஓய்வு. என் ஆபீஸில் பன்னிரண்டு பேர். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஏழரை வரை, வருஷம் முன்னூறு நாள். செப்டம்பரில் வரித் தணிக்கை வந்துவிட்டால் பாதி ராத்திரி வரைக்கும். மண்டபத்துக்குத் தைத்த சட்டையை எங்களுக்கு மாட்டிப் பார்க்கிறீர்கள்.

அடுத்தது நூறு டன். தளத்துக்கு நாலாயிரம் சதுர அடி, ஐந்து தளம், ‘இருநூறு அடிக்கு ஒரு டன்’ என்று வகுத்தால் விடை நூறு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் இந்தக் கணக்குக்கு உங்களுக்கு இரண்டு கூட்டம் ஆகியிருக்கிறது. டன் என்றால் என்ன என்று யாராவது கேட்டீர்களா? அது மெஷினின் எடை என்று ஒரு உறுப்பினர் சொன்னதாகக் கேள்வி. நான் நம்பவில்லை.

கேட்க விரும்பினால் வெகுதூரம் போகவேண்டாம். நம் வாசலிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் புதைத்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து மெட்ராஸ் வெள்ளைக்காரர்களுக்கு விற்றது ஃபிரெடரிக் டியூடரின் கம்பெனி. அந்த ஐஸை வைக்க 1842-இல் கட்டிய கிடங்குதான் அது. 1897-இல் விவேகானந்தர் வந்து தங்கியதால் இன்றைக்கு அவர் பெயரில் நிற்கிறது. குளிர்ச்சியை நிறுத்து விற்ற அந்தக் காலத்தின் மிச்சம்தான் நம் டன். ஒரு டன் ஏசி என்றால், ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டன் ஐஸ் உருகும்போது எடுத்துக்கொள்கிற சூட்டை அது வெளியேற்றும். அமெரிக்க டன், அதாவது 907 கிலோ. உங்கள் நூறு டன்னை ஐஸாகக் கற்பனை செய்து பாருங்கள்: நாளொன்றுக்குத் தொண்ணூறாயிரம் கிலோ. நம் குறுகலான தெருவில் தினமும் பத்து லாரி ஐஸ் வந்து நிற்கிற மாதிரி.

இந்தப் பத்து லாரியையும் பந்தியில் லட்டு வைப்பதுபோலத் தளத்துக்கு இருபது டன் என்று சமமாகப் பரிமாறியிருக்கிறீர்கள். சமதர்மத்தை மெச்சுகிறேன், ஆனால் சூரியன் சமதர்மவாதி இல்லை. ஐந்தாம் மாடிக்காரர் தலைக்கு மேல் மொட்டை மாடி காய்கிறது. முதல் மாடிக்கு மூன்று பக்கமும் பக்கத்துக் கட்டடங்களின் நிழல். மேற்குப் பார்த்த எங்கள் மூன்றாம் மாடிக்கு, போன வருஷம் நீங்களே ஒரு பரிசு கொடுத்தீர்கள். பழைய சுவரையும் சன்ஷேடையும் இடித்துவிட்டு, மேலிருந்து கீழ்வரை நீலக் கண்ணாடி. ‘ஐடி கம்பெனி மாதிரி இருக்கும்’ என்று தலைவர் சொன்னார். இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் என் மேஜையில் ஸ்டேப்ளர் பின்னைத் தொட்டால் சுடுகிறது. வெயிலை உள்ளே கூப்பிட ஒரு செலவு, வந்த வெயிலை வெளியே தள்ள இன்னொரு செலவு.

இருபது டன் குறைவாக இருக்கும் இடத்தில் புழுக்கம் என்றால், அதிகமாக இருக்கும் இடத்தில் வேறு தொல்லை. முதல் மாடி அச்சகத்தின் பேப்பர் ரூமைச் சொல்கிறேன். தேவைக்கு மேல் பெரிய ஏசி, அறையைச் சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் இது. அறை குளிர்ந்து, பேப்பர் நமுத்து, நான்கு கலரும் நான்கு பக்கம் ஓடும். ஏசி பிறந்த கதையே இதுதான் ஐயா. 1902-இல் நியூயார்க் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் ஈரத்தால் பேப்பர் நீண்டு சுருங்கி, கலர் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போனது. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இருபத்தைந்து வயது இன்ஜினியர் போட்ட திட்டம்தான் இன்றைய ஏசிக்கு மூலம். நூற்றிருபது வருஷம் கழித்து, அவர் தீர்த்த நோயை அதே மருந்தால் நம் அச்சகத்துக்குக் கொண்டுவருகிறீர்கள்.

இனி கொட்டேஷன்கள். மூன்றில் ஒன்று சில்லர்: தண்ணீரைக் குளிரவைத்துக் கட்டடம் முழுக்க அனுப்பும் மெஷின், மொட்டை மாடியில் கூலிங் டவரோடு. ஸ்டார் ஹோட்டல் மாதிரி இருக்கும் என்று அதன்மேல் உங்களுக்கு ஒரு கண் இருந்தது. ஈசானிய மூலையில் பாரம் ஏறும், வாஸ்து சரியில்லை என்று பிறகு ஒதுக்கினீர்கள். சரியான முடிவு, காரணம்தான் வேறு. கூலிங் டவரில் ஒரு டன்னுக்கு மணிக்கு ஆறேழு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும். சராசரியாக அறுபது டன் ஓடினாலும் பத்து மணி நேரத்தில் நாலாயிரம் லிட்டர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஐடி கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னபோது, நம் கட்டடத்தில் கை கழுவும் குழாய்க்கு அருகே ஒரு வாளியும் ஒரு டம்ளரும் மட்டும் இருந்தன. அந்த டம்ளரைச் சங்கிலியில் கட்டியவர் நம் பொருளாளர்தான்.

இரண்டாவது கொட்டேஷன் விஆர்எஃப். பல அறைகளுக்குச் சேர்த்து ஒரு வெளி மெஷின். எந்த அறைக்கு எவ்வளவு தேவையோ அதற்கேற்பத் தன் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ‘குழாய் நீளம், கோளாறு வந்தால் கம்பெனி ஆள்தான் வரவேண்டும்’ என்றீர்கள். நியாயமான பயம், மறுக்கவில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு எதை எடுத்தீர்கள்? ஆறு லட்சம் மலிவு என்று இரண்டு டன் ஸ்ப்ளிட் ஐம்பதை. ஐம்பது அவுட்டோரும் எங்கே வரும்? பின்பக்கம் வெளிச்சத்துக்காக விட்ட லைட் வெல் சந்தில், ஒன்றன் தலையில் ஒன்றாக.

அந்தச் சந்துக்குள் நீங்கள் எட்டிப் பார்த்ததுண்டா? நான் தினமும் பார்க்கிறேன், என் பாத்ரூம் ஜன்னல் அங்கேதான் திறக்கிறது. எட்டடிக்குப் பத்தடி. இப்போதுள்ள பன்னிரண்டு அவுட்டோருக்கே மூச்சு முட்டுகிறது. கீழே உள்ளது கக்கும் அனலை மேலே உள்ளது இழுத்து, இன்னும் சூடாக்கி அதற்கும் மேலே அனுப்புகிறது. போன செவ்வாய்க்கிழமை நாலாம் மாடி ஏசி நின்றுபோய் மெக்கானிக் தம்பி வந்தார். இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை எங்கள் ஜன்னல் கம்பியில். ஆங்கிள் மேல் உட்கார்ந்து, புறாக் கூட்டை ஒரு கையால் ஒதுக்கி, ‘ஹை பிரஷர்ல ட்ரிப் ஆவுது சார், ஒரு பக்கெட் தண்ணி குடுங்க’ என்றார். கொடுத்தேன். அவுட்டோரின் முதுகில் ஊற்றினார். சொய்ங் என்று ஆவி வந்தது. கடல் காற்றில் அரித்துப்போன அலுமினியத் தகடுகள் அவர் விரல் பட்டு மாவாக உதிர்ந்தன. ‘இங்க இன்னும் அம்பது மாட்டப் போறாங்களாமே?’ என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். உங்கள் ஐந்து கூட்டத்திலும் கேட்கப்படாத கேள்வி அது.

அந்த ஆறு லட்சத்துக்கு வருகிறேன், அது என் தொழில். நீங்கள் தேர்ந்தெடுத்த மெஷின் ஒரு டன்னுக்கு மணிக்கு 1.3 யூனிட் எடுக்கும் என்று அந்தக் கொட்டேஷனின் பின்பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. விஆர்எஃப்காரர் எழுதியது 1 யூனிட். அறுபது டன், பத்து மணி நேரம், முன்னூறு நாள் என்றால் வித்தியாசம் வருஷத்துக்கு 54,000 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தாலும் 5 லட்சத்து 40 ஆயிரம். நீங்கள் மிச்சம் பிடித்தது பதினாலு மாசம் தாங்காது. அதற்குப் பிறகு மெஷின் ஓடுகிற காலமெல்லாம் நஷ்டம். யாருக்கு? மெஷின் வாங்குவது உரிமையாளர் சங்கம், கரண்ட் பில் கட்டுவது வாடகைக்காரர்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதை நம் முன்னோர் ஏசி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

‘புதுக்காற்று டக்ட்: தேவையற்ற செலவு, நீக்கப்பட்டது’ என்ற வரியையும் படித்தேன். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கிற காற்றையே சுற்றிச்சுற்றிக் குளிரவைக்கும். உங்கள் நீலக் கண்ணாடியில் திறக்கிற ஜன்னலும் கிடையாது. ஒரு மணிக்குத் திறந்த சாம்பார் டப்பாவின் வாசனை ஐந்து மணிக்கும் எங்களோடு இருக்கிறது. மூன்று மணிக்குப் பையன்கள் கொட்டாவி விடுவதைச் சோம்பேறித்தனம் என்று இத்தனை நாள் திட்டியிருக்கிறேன். பன்னிரண்டு பேர் விட்ட மூச்சையே பன்னிரண்டு பேரும் இழுத்தால் என்னதான் செய்வார்கள்?

எல்லா ஏசியையும் 18-இல் வைத்து ரிமோட்டைச் செயலாளர் அறையில் பூட்டுவதாக இன்னொரு தீர்மானம். புதிய ஏசிகள் 24 டிகிரியிலேயே தொடங்கவேண்டும் என்று மத்திய அரசும் அதன் எரிசக்தித் திறன் அமைப்பும் செய்த விதி 2020-இலிருந்து நடப்பில் இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பதும் அவர்கள் சொன்னதே. உங்கள் 18 வந்தால், என் ஆபீஸில் டைப் செய்யும் அம்மா சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்காரவேண்டும். எழுபது கிலோ எடையுள்ள நாற்பது வயது ஆணின் உடம்பை அளவாக வைத்துத்தான் உலகத்து ஆபீஸ்களின் குளிர் நிர்ணயிக்கப்பட்டது என்று 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இருவர் எழுதினார்கள். நம் குழுவின் ஒன்பது பேரும் ஏறக்குறைய அந்த அளவுதான், எடையைத் தவிர.

என் வேண்டுகோள் பெரிதில்லை. செக்கில் கையெழுத்துப் போடுமுன், தளம் தளமாக வெப்பச் சுமையைக் கணக்கிட ஒரு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். மெஷின் விற்காத இன்ஜினியராக இருக்கட்டும். இடித்த சன்ஷேடைத் திரும்பக் கட்டுங்கள், மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு பதியுங்கள். அதன் பிறகும் நூறு டன் வேண்டுமா என்று பார்க்கலாம். ஒவ்வொரு கொட்டேஷனிலும் விலைக்குப் பக்கத்தில் பத்து வருஷத்துக் கரண்ட் செலவையும் எழுதி வாங்குங்கள். கூட்டிக் கொடுக்க நான் இருக்கிறேன், ஃபீஸ் வேண்டாம்.

அடுத்த கூட்டம் வழக்கம்போல வியாழக்கிழமை இரவு ஏழு மணிக்கு, வடக்குப் பார்த்த சங்க அறையில் என்று நோட்டீஸ் சொல்கிறது. அதை மட்டும் மாற்றி, மத்தியானம் மூன்று மணிக்கு என் ஆபீஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது நாற்காலி போட்டு வைக்கிறேன், கண்ணாடி ஓரமாக. பானைத் தண்ணீரும் நீர்மோரும் உண்டு. ஏசி ரிப்பேர்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி, மேற்குப் பக்கம்.

நகல்: மெக்கானிக் தம்பிக்கு. வியாழக்கிழமை வரும்போது கயிறு புதிதாகக் கொண்டு வரவும்.