பம்பு வீட்டுக்காரர்
தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார். காலால் மிதித்துக்கொண்டு அடிக்கும் பழைய இரும்புப் பம்பு ஒன்றை மாடிப்படிக்கு அடியில் சாக்கு சுற்றி வைத்திருப்பார். சைக்கிள் எங்கே என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அது பழைய இரும்புக்கடைக்குப் போய் எத்தனையோ வருஷமாகிறது. ஆகவே, தூக்கிப்போட மனசு வராத கஞ்சர் என்று தெரு அவரைப் பற்றி முடிவு கட்டிவைத்திருக்கிறது. இந்தத் தீர்ப்பு செல்லாது என்பது என் கட்சி. எந்தக் கஞ்சரும் இல்லாத சைக்கிளின் பம்புக்காகத் தோல் வாஷர், விளக்கெண்ணெய், உப்புத்தாள், முழு ஞாயிற்றுக்கிழமை என்று வாரி இறைக்க மாட்டார். இவருக்கு வேண்டியது காற்றே இல்லை. தான் தொட்டால் மட்டும் வேலை செய்யும் சாமான் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும்; அதற்காக நாலு பேர் வாசலில் வந்து நிற்க வேண்டும்.

இதற்குப் பழைய பம்பைவிட வாகான பொருள் கிடையாது. தண்டின் நுனியில் கிண்ணம்போல் குழிந்த தோல் வாஷர் ஒன்று கவிழ்ந்திருக்கும். கைப்பிடியை அழுத்தினால், உள்ளே நெருங்கும் காற்றே அதன் விளிம்பை விரித்துக் குழாயின் சுவரோடு ஒட்டவைக்கும். தூக்கினால் விளிம்பு தளர்ந்து மேலேயிருந்து புதுக் காற்றுக்கு வழிவிடும். தோல் காய்ந்து சுருங்கிவிட்டால் கைப்பிடி ஜோராக ஏறி இறங்கும், டயருக்குத்தான் ஒன்றும் போகாது. அடியில் இருக்கும் குண்டிலும் ஸ்பிரிங்கிலும் அழுக்கு சேர்ந்தால் இன்னொரு வேடிக்கை: அழுத்திய கைப்பிடி தானாகவே மேலே எழும்பி வந்து முகவாயை விசாரிக்கும். நம்மவர் மூடியைக் கழற்றி, தண்டை உருவி, வாஷரை ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறப்போடுவார். காலையில் கட்டைவிரலால் விளிம்பை நீவி நீவி விரித்து, மடங்கிவிடாமல் திருகித் திருகிக் குழாய்க்குள் இறக்குவார். எந்த எண்ணெய் என்ற கேள்வியை அந்த நேரத்தில் கிளப்பினால் அன்றைய மதியச் சாப்பாடு தள்ளிப்போகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மார்கழிக் காலையில் கைப்பிடி அசையாது, இன்ஜின் ஆயில் வழிந்தால் ரப்பர் ஹோஸை ஊதவைத்துவிடும், எனவே விளக்கெண்ணெய். வாதம் சரியானதுதான். ஆனால் கேட்டவன் வந்தது காற்றடிக்க.

அந்தக் காற்றடிப்பையும் பார்க்க வேண்டும். "அங்கிள், பம்பு கொஞ்சம் தர்றீங்களா?" என்று பையன் வந்தால், "பம்பு எங்கேயும் வராது, நீ சைக்கிளை உருட்டிட்டு வா" என்பார். தோல் இடம் பிடிக்க வேண்டுமென்று முதல் நாலு அடியை அவரே நிதானமாக அடிப்பார். பிறகு குழாயின் அடிப்பாகத்தில் பையனின் விரலை வைத்து, "சூடு தெரியுதா? அதுதான் வாஷர்" என்பார். இதிலும் உண்மை உண்டு. காற்று நெருக்கப்பட்டால் சூடாகும். வாஷர் கசிந்தால் நெருக்கமும் இல்லை, சூடும் இல்லை. பையன் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று சொல்லிப்பார்ப்பான்.

பெட்ரோல் பங்கில் காற்று இலவசம், இவரை யார் கேட்டார்கள் என்று ஒரு தரப்பு சொல்லும். பாதிதான் சரி. கார் வால்வுக்கென்று செய்த பங்க் நாசில், வால் டியூப் மாட்டிய சாதா சைக்கிள் வால்வில் உட்காராது. புது கியர் சைக்கிள்களில் பலவற்றுக்கு உட்காரும்; அவை வந்ததிலிருந்து அவர் முகத்தில் கொஞ்சம் கவலை. பழையதைக் காப்பது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று இன்னொரு தரப்பு அவருக்கு மாலை போட வரும். ஒரு பம்பு ஓடுவதற்காக உதிரிபாகத்துக்கென்று மூன்று செத்த பம்புகளைப் பரணில் அடைத்திருப்பவருக்கு அந்த மாலை பொருந்தாது என்பேன். அவருக்கு நான் முழுசாக விட்டுக்கொடுப்பது ஒன்றைத்தான்: பழையதைத் திறக்கலாம். மலிவான பிளாஸ்டிக் பம்பு மூச்சை நிறுத்தினால் பிரிக்கவும் வழியில்லை, மாற்ற வாஷரும் இல்லை. மிலானில் 1917-இல் தொடங்கிய சில்கா பம்புக் கம்பெனி இப்போது அமெரிக்கர் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் அதன் பழைய பிஸ்டா பம்புக்குத் தோல் வாஷர் இன்றும் வாங்கலாம். அங்கேயும் ஞாயிற்றுக்கிழமைகளை இப்படிக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பரோபகாரத்தைப் போய் இப்படிக் கொச்சைப்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சாட்சியம் வைத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் மகன் பேட்டரியில் ஓடும் குட்டிப் பம்பு ஒன்றை வாங்கிவருவான். எவ்வளவு காற்று வேண்டும் என்று எண்ணைத் தட்டினால் போதும், அடித்து முடித்துத் தானே நின்றுவிடும், குழந்தைகூட இயக்கலாம். பரோபகாரி என்றால் அன்றைக்கே அதைத் திண்ணையில் வைத்து, வருகிறவர் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பார். நம்மவர் அதை வாயாரப் புகழ்வார், பெட்டியோடு பீரோவில் வைப்பார், கேட்பவர்களிடம் "அடடா, சார்ஜ் இல்லையே தம்பி" என்று உண்மையிலேயே வருத்தப்படுவார். சார்ஜர் எங்கே இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.