இதய மொய்

ஆடி பிறந்தால் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கம் எங்கே திரும்பினாலும் மொய் விருந்து ஃபிளெக்ஸ்தான். கிடாக்கறிச் சோற்றைச் சாப்பிட்டு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மொய் மேசைக்குப் போய்விட வேண்டும். வாங்கியதைத் திருப்பிச் செய்தால் அது பழைய நடை. அதற்கு மேல் வைத்தால் புது நடை. 2019-இல் வடகாட்டில் ஒரே விருந்தில் 4 கோடி ரூபாய் விழுந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. இப்படிப்பட்ட மண்ணில் பிறந்த பிளஸ் டூ பையன் கையில் இன்ஸ்டாகிராமைக் கொடுத்தால் என்ன ஆகும்? நம் தம்பி ஆகும்.

தம்பிக்கு 17 வயது. பக்கத்தைத் திறந்தால் 'அம்மாதான் என் உலகம்' என்று எழுதியிருக்கும். அந்த உலகம் அடுப்படியிலிருந்து நாலு தடவை சாப்பிடக் கூப்பிட்டிருக்கும், காதில் ஹெட்செட்.

தாத்தாவிடம் மொய் நோட்டு இருக்கிறது. தம்பிக்கு எல்லாம் மனக்கணக்கு. கணக்குப் பரீட்சையில் 38 வாங்கியவன்தான். ஆனால் பொங்கலுக்குப் போட்ட வேட்டி போட்டோவுக்கு யார் ஹார்ட் விட்டார்கள், யார் ஸ்டோரியைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனார்கள் என்று கேளுங்கள். தேதி, நேரத்தோடு வரும்.

ஒருநாள் ஆலங்குடி டவுன் பஸ்சில், ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்த பங்காளியிடம் வசூலுக்கு இறங்கினான்.

"தச்சங்குறிச்சி வாடியில உன் காளை ரீலுக்கு நான் ஃபயர் விட்டேன், கமெண்டு போட்டேன், ஸ்டோரில வச்சேன். நீ வெறும் ஹார்ட்டோட போயிட்ட?"

"நெட்டு தீந்துருச்சு மாப்ள."

"பொன்னமராவதிக்காரி போஸ்டுக்கு மட்டும் எப்புட்றா நெட்டு வந்துச்சு?"

அத்தோடு அன்ஃபாலோ. அதன்பிறகும் அதே பஸ், அதே சீட்டு. பேச்சு மட்டும் இல்லை. இதில் தம்பிக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. பங்காளியின் காளைக்குத் தனிக் கணக்கு. அதை இவனைவிட மூன்று மடங்கு பேர் ஃபாலோ செய்கிறார்கள். அது யாரையும் திருப்பி ஃபாலோ செய்வதில்லை. மாடு அல்லவா.

தம்பி மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனமில்லை. இந்த மாவட்டத்தின் சின்னவீரமங்கலத்தில் பேரன்மார்கள் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வயக்காட்டில் அடுப்பு மூட்டி 2018-இல் ஆரம்பித்ததுதான் வில்லேஜ் குக்கிங் சேனல். 2021-இல் ராகுல் காந்தியே அவர்களோடு உட்கார்ந்து காளான் பிரியாணிக்குத் தயிர்ப்பச்சடி கலக்கினார். அதே வருடம் தமிழில் முதல் சேனலாக 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள். அதிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் தாத்தாக்களுக்குத் தனி மவுசு. திண்ணையில் சும்மா கிடந்தவர்களையெல்லாம் பேரன்கள் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள்.

தம்பியும் பார்த்தான். "தாத்தா, மீசைய முறுக்கிக்கிட்டு ஒரு கிடாய உரிங்க."

"கிடாய்க்கு உங்கப்பன் காசு தருவானா?"

கடைசியில் தாத்தா வெற்றிலை இடிப்பதை ஸ்லோமோஷனில் எடுத்து, வெறித்தனமான பிஜிஎம் போட்டு ஏற்றினான். 41 பார்வைகள். அதில் குறைந்தது முப்பது இவனே பார்த்ததாக இருக்கும்.

அந்த வீட்டில் நாள் தவறாமல் படம் ஏறியது அப்பத்தாவுக்குத்தான். 100 நாள் வேலையில் வருகையைக் காட்டக் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை செயலியில் போட்டோ எடுத்தார்கள். ஃபில்டர் கிடையாது, மண்வெட்டி உண்டு. லைக் வரவில்லை, கூலி தாமதமாகவாவது வந்தது.

காதல்? அதுவும் உண்டு. டியூஷனில் இரண்டு பெஞ்சு தள்ளி உட்காரும் பெண்ணோடு 94 நாளாக ஸ்னாப்சாட் ஸ்ட்ரீக். தினமும் இவன் வீட்டு விட்டத்தின் படம் அங்கே போகும், அந்த வீட்டு விட்டத்தின் படம் இங்கே வரும். நேரில் இதுவரை ஒரு வார்த்தை இல்லை. அவள் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. அவள் வீட்டில் எந்த ஃபேன் ஓடுகிறது என்று தெரியும்.

இந்த ஆடியில் தாத்தாவின் முறை வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை வருகிற முறை. இப்போதெல்லாம் மொய்யும் கம்ப்யூட்டரில்தான். தம்பியை லேப்டாப் முன்னால் உட்கார வைத்தார்கள். விரல் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துப் பெரியவர்கள் அசந்துபோனார்கள்.

மத்தியானப் பந்தி முடிந்ததும் பங்காளியின் அப்பா வந்து நின்றார். "பழைய நடை அஞ்சாயிரம். புது நடை அஞ்சாயிரம். நல்லாப் பாத்து எழுதிக்கப்பா." அவருக்குப் பின்னால் பல்குச்சியோடு பங்காளி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

தம்பி அடித்தான், ரசீதைக் கிழித்துக் கொடுத்தான். கூட்டம் கொஞ்சம் நகர்ந்ததும் மேசைக்கு அடியில் போனை எடுத்தான். கோபத்தில் விட்டுப்போன பதினோரு போஸ்ட் வரிசையாக நின்றது. பதினொன்றுக்கும் ஹார்ட். பன்னிரண்டாவதாக, அரைமணி நேரத்துக்கு முன் பங்காளி இதே பந்தியில் எடுத்துப் போட்ட கறிச்சோற்று ஸ்டோரி.

அதற்கு ஃபயர் விட்டான். புது நடை.