எல்லைச்சாமிக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ஒரே கரண்ட் பில்லை இரண்டு தரம் கட்டியவன், கும்பகோணம்.

பெறுநர்: எங்கள் கணினித் திரையின் வலது கீழ் மூலையில் கேடயம் ஏந்தி எழுந்தருளியிருக்கும் ஆன்ட்டிவைரஸ் அவர்கள் மற்றும் அவர்தம் கம்பெனியார்.

பொருள்: எங்கள் வீட்டு பீஸ் கட்டை பிடுங்கப்பட்டமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: "இந்தத் தளம் ஆபத்தானது. உங்கள் பாதுகாப்புக்காகத் தடுக்கப்பட்டது" என்னும் தங்கள் சிவப்புப் பெட்டி.

காவல் தெய்வமே, வணக்கம்.

நேற்று காலை லைன்மேன் வந்தார். தங்கமான மனிதர். "சார், லிஸ்ட்ல உங்க நம்பர் இருக்கு, நான் என்ன பண்றது" என்று சங்கடப்பட்டார். பணம் கழிந்ததற்கான பேங்க் மெசேஜைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "உங்க பேங்க்ல போயிருக்கு சார், எங்க சிஸ்டத்துல ஏறலையே" என்றார். கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா பேரத்தை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். பீஸ் கட்டை லைன்மேனின் தோள்பைக்குள் போனது. மதியத்துக்குள், "அவங்க வீட்ல ஏதோ கஷ்டமாம்" என்று தெருக்கோடி வரை செய்தி போய்ச் சேர்ந்தது. தங்கள் அருளால் கிடைத்த புகழ் இது.

தங்களைப் பிரதிஷ்டை செய்தது போன வாரம்தான். கடையில் கொடுத்தது ஒரு பளபளப்பான அட்டைப் பெட்டி. உள்ளே சிடி கூட இல்லை. ஒரு அட்டையைச் சுரண்டினால் எண் வரும், அதுதான் மூலமந்திரம். ஒரு வருடத்துக்கான படையலை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, கணினியை ஒருதரம் அணைத்துப் போடச் சொல்லி, பச்சைக் கேடயத்தோடு மூலையில் அமர்ந்தீர்கள். மறுநாளே அருள் வந்துவிட்டது.

முதலில் மின்வாரியத் தளத்தை மறித்தீர்கள். போகட்டும், சாமி புதுசு, ஊர் பழகவில்லை என்று பொறுத்துக்கொண்டேன். அமைப்புகளுக்குள் போய், அதற்குள் 'மேம்பட்டவை' என்பதற்குள் போய், 'விதிவிலக்குகள்' என்ற இடத்தைத் தோண்டி எடுத்து அந்த முகவரியைச் சேர்த்தேன். தளம் திறந்தது. பணம் கட்டும் பொத்தானை அழுத்தியதும் அது பேமெண்ட் கேட்வேக்குத் தாவுகிறது, அது வேறு முகவரி. அரிவாள். அதையும் சேர்த்தேன். அங்கிருந்து ஓடிபி கேட்கும் பேங்க் பக்கம், அது இன்னொரு முகவரி. மறுபடி அரிவாள். அதையும் சேர்த்து, முதலிலிருந்து தொடங்கி, ஓடிபியும் போட்டாயிற்று. பணம் கழிந்தது. கழிந்த பணத்துக்கு ரசீது தர மின்வாரியத்துக்குத் திரும்பும் வழியில் நாலாவதாக ஒரு முகவரி இருக்கும் போலிருக்கிறது. சரியாக அந்த இடத்தில், பணம் போன பிறகு, ரசீது வருவதற்கு முன்பு, தாங்கள் குதிரையை நிறுத்தி இறங்கினீர்கள்.

'பரிவர்த்தனை நிலுவையில் உள்ளது, மீண்டும் செலுத்த வேண்டாம், காத்திருக்கவும்' என்றது பேங்க். காத்திருந்தேன். கடைசித் தேதி காத்திருக்கவில்லை.

நிற்க. தங்கள் பூசாரிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. கஸ்டமர் கேர் எண்ணில் முதலில் ஒரு பாட்டு, பிறகு ஒரு தம்பி. "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?" பண்ணினேன். "கேஷ், குக்கீ எல்லாம் கிளியர் பண்ணுங்க சார்." பண்ணினேன், இருபது தளங்களின் பாஸ்வேர்டை மறுபடி தேடவேண்டியதாயிற்று. "அப்போ அது உங்க நெட் கனெக்‌ஷன் பிராப்ளம் சார்." பிராட்பேண்ட்காரரைக் கூப்பிட்டேன். அவர் மோடத்தின் முதுகில் ஊசியால் ஒரு குத்துக் குத்திவிட்டு, "இது ஆன்ட்டிவைரஸ் வேலை சார்" என்று போய்விட்டார். மறுபடி பூசாரி. கடைசியில் தம்பி ஒரு குறி சொன்னார், அதைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டும்: "பேமெண்ட் பண்ற நேரத்துக்கு மட்டும் வெப் ஷீல்டை ஆஃப் பண்ணிட்டு, முடிஞ்சதும் ஆன் பண்ணிக்கோங்க சார்."

எல்லைச்சாமியே, இதை எந்த ஊரில் கேட்டிருக்கிறோம்? கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கும்போது விடிய விடிய விழித்திருப்பீர்கள். வார ராசிபலன் படிக்கும்போது மீசையை முறுக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பீர்கள். பேங்க் கதவு திறக்கும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் தங்கள் கண்ணைத் துணியால் கட்டிவிட வேண்டுமாம். பிறகு எதற்கய்யா காவல்?

சந்தேகம் தாளாமல் ஒரு காரியம் செய்தேன். வேறொரு பேங்க் தளம் ஒழுங்காகத் திறந்தது. முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டைச் சொடுக்கி, சான்றிதழைத் திறந்து, 'வழங்கியவர்' என்ற வரியைப் பார்த்தேன். அங்கே சான்றிதழ் தரும் நிறுவனம் ஒன்றின் பெயர் இருக்கவேண்டும். இருந்ததோ தங்கள் திருநாமம்! கம்ப்யூட்டர் படித்த பக்கத்து வீட்டுப் பையன் விளக்கினான். பிரதிஷ்டை ஆன அன்றே விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் தங்கள் சொந்த மூலச் சான்றிதழைச் சொருகிவிட்டீர்களாம். பேங்க் எனக்குப் பூட்டி அனுப்புவதை நடுவழியில் தாங்கள் திறந்து, உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று படித்துப் பார்த்து, தங்கள் முத்திரையை வைத்து மறுபடி பூட்டி என்னிடம் தருகிறீர்களாம். தங்களுக்குப் பிடிபடாத பூட்டு எங்காவது எதிர்ப்பட்டால் தளமே திறக்காதாம். பயர்பாக்ஸ் தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கிற பிரவுசர், அது கூச்சமில்லாமல் சொல்லிவிட்டது: யாரோ நடுவில் நிற்கிறார்கள் என்று. திருடனுக்காகக் கண்டுபிடித்த எச்சரிக்கை அது. வந்தது எங்கள் சாமியின் பேரில்.

இந்த நடுவழிப் பூஜையை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. 'மறையாக்கப்பட்ட இணைப்புகளைச் சோதி' என்பதில் உள்ள டிக்கை எடுத்தால் போதும். பையன் எடுத்தான், எல்லாத் தளங்களும் மளமளவென்று திறந்தன. தங்கள் பூசாரிக்கு இது தெரியாதா, சொல்ல மனம் வரவில்லையா, நான் கேட்கப்போவதில்லை. டிக்கை எடுத்த நொடியில் கேடயம் சிவந்து, 'நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்' என்று தாங்கள் சாமியாடத் தொடங்கியதை மட்டும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஆட்டத்தின் முடிவில் எலுமிச்சம்பழம் கேட்கவில்லை, 'பிரீமியத்துக்கு மாறுங்கள்' என்றீர்கள்.

தங்கள் இனத்தாரின் தலபுராணமும் அடியேன் அறிவேன். 2010 ஏப்ரலில் மெக்காஃபி, விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு கோப்பையே வைரஸ் என்று பிடித்து அடைத்ததில் கணினிகள் மறுபடி மறுபடி அணைந்து எழுந்தன. 2012 செப்டம்பரில் சோஃபோஸ் தன்னுடைய அப்டேட்டரையே வைரஸ் என்று பிடித்தது, அரிவாள் தன் காலிலேயே விழுந்த திருவிளையாடல் அது. 2017 ஏப்ரலில் வெப்ரூட், விண்டோஸ் கோப்புகளைப் பிடித்ததோடு ஃபேஸ்புக்கையும் மோசடித் தளம் என்றது (அதில் பாதி சரி என்பார் என் மனைவி). 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்கவைத்தது என்று மைக்ரோசாஃப்டே கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அத்தனை பெரிய தெய்வங்களின் வரிசையில், ஒரு பீஸ் கட்டையோடு விட்ட தங்கள் கருணையை என்னென்பேன்!

ஆனால் ஒன்று. கரண்ட் போன அந்த வீட்டில் என் அம்மா இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. பனிக்காலத்தில் நெபுலைசர் இல்லாமல் மூச்சு விட முடியாது. அது கரண்ட்டில் ஓடுகிறது, தங்கள் கேடயத்தில் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து அன்றைய மதியத்தை ஓட்டினோம். ஒரு தளத்தை மறிக்கும்போது அதன் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று அந்த மென்பொருளை எழுதியவர்களில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? தவறாக மறித்தால் யாரைக் கேட்பது என்று ஒரு மனிதரின் பேரைக்கூடப் போடாமல், 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று ஐந்து நட்சத்திரம் கேட்க வெட்கமாக இல்லை?

மன்னிக்கவும், சந்நிதியில் குரல் உயர்ந்துவிட்டது. கற்பூரம் காட்டித் தொடர்கிறேன்.

தாங்கள் மறிக்காமல் விட்டதையும் சொல்லவேண்டுமே. அதே வாரம் என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது: இன்று இரவு ஒன்பதரைக்கு உங்கள் மின்இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் அதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று. நாடறிந்த பழைய மோசடி. கூப்பிட்டால் ஒரு ஆப்பைப் போடச் சொல்லி, நம் போனை அவன் கைக்கு வாங்கி, கணக்கைத் துடைத்துவிடுவான். அதில் லிங்க் கிடையாது, வெறும் போன் நம்பர், அதனால் மறிப்பதற்குத் தங்களுக்கு ஒன்றுமில்லை. ஆக, கரண்ட்டை வெட்டுவேன் என்று பொய் சொன்னவன் நேராக உள்ளே வந்தான். கரண்ட் போகாமலிருக்கப் பணம் வாங்கிக்கொள்ள வந்த நிஜ மின்வாரியம் எல்லையிலேயே நின்றது.

முடிவாக, தங்கள் மேலான கவனத்திற்கு: மின்வாரிய அலுவலக கவுன்ட்டரில் ரொக்கமாகக் கட்டி, மறுஇணைப்புக் கட்டணமும் கட்டி, கட்டையைத் திரும்ப வாங்கியாயிற்று. தொங்கும் முதல் பணம் எப்போது திரும்பும் என்று பேங்க் சொல்லவில்லை. தங்களை மலையேற்றவும் முயன்றோம். சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்தால் தாங்கள் முழுதாகப் போவதில்லை, அதற்கென்று தங்கள் கம்பெனியே தனியாக ஒரு நீக்குக் கருவி தருகிறது, அதையும் ஓட்டினோம். 'எங்களை விட்டுப் பிரிவது ஏன்?' என்று அழுமூஞ்சிப் படத்தோடு கேட்டீர்கள். இருந்த நான்கு விடைகளில் எங்கள் காரணம் இல்லை. விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டர் தானாக எழுந்து காவலை ஏற்றுக்கொண்டது. படையல் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டுக்கான தொகையை என் கார்டிலிருந்து தாங்களே எடுத்துக்கொள்ள டிக் போட்டு வைத்திருந்த ஏற்பாட்டையும் பேங்க் பக்கத்துக்குப் போய் ரத்து செய்துவிட்டேன். அந்தப் பக்கத்தைப் போனில் திறந்தேன். அங்கே தாங்கள் எழுந்தருளியிருக்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் பக்தன்.