நான்கு பேர், நான்கு டன்

கேள்வி: கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது குட்டி நீர்மூழ்கிக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தும். காரத்தை எடைபோட்டே சொல்லலாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் கட்டிய 'எக்ஸ்' ரகக் குட்டிகளின் நீளம் சுமார் 16 மீட்டர். உள்ளே நான்கு பேர், நிமிர்ந்து நிற்க இடமில்லை. வெளியே இரண்டு விலாவிலும் பக்கத்துக்கு 2 டன் வெடிமருந்து.

கேள்வி: அதை வைத்துக்கொண்டு பெரிய போர்க்கப்பலை என்ன செய்துவிட முடியும்?

பதில்: ஆறு மாதம் முடக்கிப் போடலாம். ஜெர்மனியின் 'டிர்பிட்ஸ்' 40,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல். நார்வேயின் கடற்கழி ஒன்றில், வலைகளுக்குள் பத்திரமாக நின்றிருந்தது. 1943 செப்டம்பரில் ஸ்காட்லாந்திலிருந்து ஆறு குட்டிகளைப் பெரிய நீர்மூழ்கிகள் கயிறு கட்டி இழுத்துப் போயின. வழியிலேயே ஒன்று ஆட்களோடு மூழ்கியது.

22ஆம் தேதி காலை, டொனால்ட் கேமரனின் எக்ஸ்-6 உள்ளே நுழைந்தபோது பெரிஸ்கோப்பில் தண்ணீர், திசைகாட்டியும் பழுது. தட்டுத் தடுமாறித் தரைதட்டி மேலே வந்ததில் எதிரி பார்த்துவிட்டான். கேமரன் அசரவில்லை. கப்பலை ஒட்டிப் போய் வெடிகளைக் கழற்றிவிட்டார், தன் படகை மூழ்கவிட்டார். வெளியே வந்த நால்வரையும் ஜெர்மானியர் பிடித்து ஏற்றியது எங்கே தெரியுமா? அதே டிர்பிட்ஸில்! காலுக்குக் கீழே வெடியின் கடிகாரம் ஓடுகிறது. நால்வரும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கே தனிப் பதக்கம் கொடுக்கலாம். 8.12க்கு வெடித்தது. காட்ஃப்ரே பிளேஸின் எக்ஸ்-7 போட்டுவைத்த வெடிகளும் சேர்ந்துகொள்ள, கப்பல் எம்பி விழுந்தது. மூழ்கவில்லை, ஆனால் விசையாழிகள் கெட்டு, அடுத்த மார்ச் வரை பழுதுபார்ப்புதான். எக்ஸ்-6இன் நால்வரும் பிழைத்தார்கள். எக்ஸ்-7இல் இருவர் இறந்தார்கள். கேமரனுக்கும் பிளேஸுக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

கேள்வி: எல்லாம் தற்கொலைப்படைதானே?

பதில்: இல்லவே இல்லை. இவர்களுக்குத் திரும்பி வரும் திட்டம் இருந்தது. ஜப்பான் 1944இல் இறக்கிய 'கைட்டன்' மனித டார்பிடோதான் போனால் வராத ரகம்.

கேள்வி: பேர்ல் ஹார்பருக்குப் போன ஜப்பானியக் குட்டிகள் என்னவாயின?

பதில்: 1941 டிசம்பரில் போனவை ஐந்து, ஒன்றும் திரும்பவில்லை. பத்துப் பேரில் பிழைத்தவர் கசுவோ சகமாகி மட்டும். திசைகாட்டி கெட்டிருந்தும் கிளம்பினார், பவளப்பாறையில் சிக்கினார், படகைத் தகர்க்க வைத்த வெடியும் வெடிக்கவில்லை. நீந்திக் கரையில் மயங்கி விழுந்தவர், அந்தப் போரில் அமெரிக்காவிடம் சிக்கிய முதல் ஜப்பானியக் கைதி ஆனார். இறந்த ஒன்பது பேரைப் போர்த் தெய்வங்கள் என்று கொண்டாடிய ஜப்பான், பத்தாவது பெயரை வெளியே சொல்லவில்லை. அவரும் அதே இருட்டுக்குள், அதே துணிச்சலோடு போனவர்தான். ஒன்பதோடு நிறுத்தியது பெரிய அநியாயம். போருக்குப் பின் டொயோட்டாவில் வேலைக்குச் சேர்ந்து, பிரேசில் கிளைக்குத் தலைவராகும் அளவுக்கு உயர்ந்தார்.