முன்பாரம், பின்பாரம்

கல்யாணத்துக்கு ஜட்கா வண்டி வேணுமாம்ல பேராண்டி? பட்டு வேட்டி, சரிகைத் துண்டு, மதுரை மாசி வீதியில ஊர்வலம், தலைக்கு மேல டிரோன் கேமரா. நடத்துப்பா, காசு உன்னுது.

ஆமா, ஜட்காவுல ஏறியிருக்கியா நீ? அதுல சீட்டு கெடையாது. பலகை மேல வைக்கோலு, அதுக்கு மேல சாக்கு. கூண்டுல தலை இடிக்காமக் குனிஞ்சு, சம்மணம் போட்டு உக்காரணும். ரெண்டே சக்கரம்தானே? பின்னால ஆள் கூடிட்டா வண்டி மல்லாந்துக்கும். "பின்பாரம், முன்னால தள்ளி உக்காருங்க"ம்பாரு வண்டிக்காரர். தள்ளுனா "முன்பாரம்"பாரு. ரயிலடியிலருந்து வீடு வந்து சேர்ற வரைக்கும் இதே கூத்துதான். ஆரனுக்குப் பதிலா சாட்டைக் கம்பைச் சக்கரத்து ஆரக்கால்ல குடுப்பாரு. கடகடன்னு சத்தம் கேட்டுத் தெருவே ஒதுங்கும். நடுவழியில குதிரை வாலைத் தூக்குச்சுன்னா முன்னால இருக்கிறவனுக்கு மணம் இனாம். இதெல்லாம் உன் ஆல்பத்துல வருமா?

வேட்டியப் பாரு, ஒட்டிக்கிற வேட்டி! உள்ள செல்போனுக்குப் பை வேற. இதுக்குப் பேரு பாரம்பரியமா? 1921 செப்டம்பர்ல இதே மேலமாசி வீதியில ஒரு வீட்டுலதான் காந்தி தொப்பியையும் மேல்சட்டையையும் விட்டுட்டு அரை வேட்டிக்கு மாறுனாரு. ஏழைசனம் கட்டத் துணியில்லாமக் கெடக்கேன்னு மாறுன மனுசன். நீ வாடகைப் பட்டுல அந்த வீட்டு வாசல்ல நின்னு போட்டோ புடிக்கப் போற!

அப்புறம் அந்தத் துண்டு. தோள்ல துண்டு போட எல்லாரையும் விட்டாங்கன்னா நெனைக்கிற? பெரிய தெருவுக்குள்ள வந்தா இடுப்புக்கு எறக்கணும். எறக்குன ஆளுகளை நானே பார்த்திருக்கேன். அவுக பேரன்கிட்டப் போயி 'அந்தக் காலம் பொற்காலம்'னு சொல்லிப் பாரேன்.

பழைய தெரு போச்சேங்கிற. இந்த வெளிவீதி எப்படி வந்துச்சாம்? 1840-கள்ல, பிளாக்பர்ன் கலெக்டரா இருந்தப்ப, கோட்டைச் சுவரை இடிச்சு அகழியைத் தூர்த்து வந்ததுதான். அன்னைக்கும் எவனாச்சும் ஒரு கெழவன் திண்ணையில உக்காந்து மூக்கைச் சிந்தியிருப்பான்.

சரி, ஆசைப்பட்டுட்ட, ஏறிக்க. ஏறுமுன்ன குதிரைக்குக் கொள்ளும் தண்ணியும் வச்சாங்களா, லாடம் சரியா இருக்கான்னு பாத்துக்க. தாரு ரோடு காயுறதுக்குள்ள ஊர்வலத்தை முடிச்சிரு. எனக்கு ஷேர் ஆட்டோ போதும்.