ஹிஸ்டரி படிக்காத கண்ணு, கெட்டுப்பூடுவ!

இன்னா கண்ணு, பிளஸ் டூல நல்ல மார்க்கு எடுத்துட்டு பி.ஏ. ஹிஸ்டரி சேரப் போறியாமே? அது கெடைக்கலன்னா பொலிட்டிகல் சயின்ஸாம். உங்கப்பன் நேத்துலருந்து சரியா சோறு துன்னல. "அம்பத்தூர் எஸ்டேட்ல ஹிஸ்டரிக்கு இன்னா மாமா வேல கீது?"ன்னு எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தறான். நியாயந்தானே? லேத்து ஓட்டத் தெரிஞ்சவன் வேணும், வெல்டர் வேணும்னு கேட்டுக்கு கேட்டு போர்டு தொங்குது. சரித்திரம் தெரிஞ்சவன் வேணும்னு எங்கனா தொங்குதா? அதனால தாத்தா சொல்றன், வேணாம். ஏன் வேணாம்னும் கேட்டுக்கோ.

மொதல்ல சொந்தபந்தம் கெடும். உங்க சித்தப்பன் மனை விக்கறான். 'ஏரிக்காத்து வாங்கும் இல்லம்'னு நோட்டீஸ் அடிச்சிருக்கான். நீ எழும்பூர்ல 1909-லருந்து நிக்கற ஆவணக் காப்பகத்துக்குப் போவ. பழைய கட்ட அவுப்ப. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் பார்னார்டு 1767-லருந்து 1774 வரைக்கும் செங்கல்பட்டு ஜாகிர ஊர் ஊரா அளந்து, ஏரி எங்க, வீடு எத்தன, வெளச்சல்ல யாருக்கு எவ்ளோ மேரைன்னு எழுதி வச்ச சங்கதி உனக்குத் தெரிஞ்சிடும். அப்பால கிராம வரைபடம், 'அ' பதிவேடுன்னு ஒண்ணொண்ணா தேடுவ. கடைசீல, சித்தப்பன் விக்கறது ஏரிக்குப் பக்கத்துல இல்ல, ஏரிக்குள்ளன்னு கண்டுபுடிச்சு, பொங்கலன்னிக்கு எல்லாரும் சாப்பட ஒக்காந்தப்ப சொல்லுவ. தேவையா? 2015 டிசம்பர் மழையில கொரட்டூர் பக்கம் தண்ணி எந்த பி.ஏ.வும் படிக்காமதான் பழைய வழிய கண்டுபுடிச்சு வந்துச்சு. நம்ம ஜனத்துக்கு வாசல்ல படகு வந்தப்பறந்தான் அங்க ஏரி இருந்ததே ஞாபகம் வந்துது.

பொலிட்டிகல் சயின்ஸ் அதுக்கும் மேல. இப்ப தெருவுல லைட்டு எரியலன்னா கவுன்சிலர் ஊட்டாண்ட போயி, "அண்ணே, கொஞ்சம் பாருங்கண்ணே"ன்னு கும்புடு போடறோம். அவரும் சந்தோசமா 'பாக்கலாம்'ங்கறாரு. நீ படிச்சுட்டு போனா கும்புடுவியா? "1992-ல கொண்டாந்த 74-வது திருத்தத்துல, 3 லட்சம் ஜனத்துக்கு மேல இருக்கற ஊருக்கு வார்டு கமிட்டி வேணும்னு கீது. நம்மளுது எப்போ கூடுச்சு?"ன்னு கேப்ப. அந்த மனுசன் டீ கிளாஸ கீழ வச்சிடுவாரு. 2011-ல அம்பத்தூர் சென்னையோட சேந்துது, 2019-ல ஆவடியே மாநகராட்சி ஆச்சு. வரிச் சீட்டுதான் மாறுச்சுன்னு நாங்க நிம்மதியா கீறோம். அந்த நிம்மதி உனக்கு வேணாமா?

அப்பறம் பெருமை வேற புடிச்சுக்கும். பூண்டியாண்ட அதிரம்பாக்கம் கீதே, அங்க 1863-ல புரூஸ் ஃபூட்டுன்னு ஒரு வெள்ளக்காரன் கல்லாயுதம் எடுத்தான். அங்கயே கெடைச்ச வேற ஆயுதத்துக்கு 3,85,000 வருசம் வயசுன்னு 2018-ல 'நேச்சர்' பத்திரிகைல போட்டாங்க. அத்தன காலத்துக்கு முன்னயே நம்ம பக்கத்துல டூல் செஞ்சிருக்கான் மனுசன். நாளைக்கு நீ எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போனா, "எக்ஸ்பீரியன்ஸ் கீதா?"ன்னுதான் கேப்பான். இந்தக் கணக்கச் சொல்லி வைக்காத, வாட்ச்மேனக் கூப்புடுவான்.

அரசியல் படிச்சா நாடாளலாம்னு நெனப்பா? 1955 ஜனவரியில காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் வேணும்னு தீர்மானம் போட்டது நம்ம ஆவடியில. தேபர் தலைவரு, நேரு பிரதமரு, காமராசரு முதலமைச்சரு. காமராசரு எந்தக் காலேஜு வாசப்படியும் மிதிக்கல. அண்ணா மட்டும் பச்சையப்பன்ல பொருளாதாரமும் அரசியலும் படிச்சுட்டு வந்தாரு, அவரும் ஜெயிச்சாரு. ஆக, படிச்சாலும் ஆவலாம், படிக்காட்டியும் ஆவலாம். ஆனா இன்னிக்கு ஆவடி பஸ் ஸ்டாண்டுல சோஷலிசம்னா இன்னான்னு கேளு. ஷேர் ஆட்டோல பத்து பேர நெருக்கி ஏத்தறதும்பான். அதத் தப்புன்னு சொல்லத் தெரிஞ்ச ஒரே ஆளா நீ நின்னு இன்னா பண்ணப் போற?

இவ்ளோ சொல்லியும் தலய ஆட்டிக்கினே நிக்கறியா? சரி, கிட்ட வா.

உங்க பெரியப்பன் மவன் கீறானே, நாலு வருசம் இன்ஜினியரிங் படிச்சான். இப்ப அண்ணா நகர் கோச்சிங் சென்டர்ல லட்சுமிகாந்த் எழுதின அரசியலமைப்பு புஸ்தகத்த மார்ல அணைச்சுக்கினு தூங்கறான். சோழன் எப்ப வந்தான், சைமன் கமிஷன் எப்ப வந்துதுன்னு குரூப் ஒன்னு, குரூப் டூன்னு உருப்போடறான். பி.ஏ. ஹிஸ்டரின்னா சிரிச்ச அதே ஊடுதான், அதே ஹிஸ்டரிக்கு நகைய அடகு வச்சு ஃபீஸ் கட்டுது. கல்யாணத்தன்னிக்கு வந்து ஒக்கார வேண்டிய பந்தியில, கைகழுவற நேரத்துக்கு வந்து எல கேக்கறாங்க. நீ மொதப் பந்தியிலயே ஒக்காரேன்.

ஆனா உங்கப்பன் காதுல 'ஹிஸ்டரி'ன்ற வார்த்தைய மட்டும் போடாத. "ஐ.ஏ.எஸ்.க்கு மூணு வருச ஃபவுண்டேஷன் கோர்ஸ்ப்பா. சேப்பாக்கம் மாநிலக் கல்லூரி. கவர்மெண்டு ஃபீஸு. ஆவடில லோக்கல் ஏறி, பார்க் டவுன்ல பறக்கும் ரயிலு மாறினா வாசல்லயே எறக்கி உட்ருவான்"னு சொல்லு. அவனே ஓடிப் போயி அப்ளிகேஷன் போட்டுட்டு, தெருவுக்கே ஸ்வீட்டு குடுப்பான். எனக்கு மட்டும் சக்கர இல்லாம வாங்கச் சொல்லு.